குளவிப் புகை

டாக்டர் லெனீசி மனாவுஸ் நகரத்திலிருந்து கொண்டுவந்த கட்டுரைத் தாளில் தன் பெயர் அச்சாகியிருந்ததைப் பார்த்ததும் ஆதமோர் அதைச் சட்டென்று கீழே வைத்துவிட்டான். படித்தவர்கள் ஆறு பேரின் பெயருக்குப் பின்னால் ஏழாவதாக அவன், ஆற்றங்கரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவன்.

"அடேயப்பா! இனிமே இவருக்கு மீன்ல முள்ளெடுத்துத்தான் பரிமாறணும்" என்றாள் முகாமின் சமையல்காரி ஒஸ்மரீனா. எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவைத்தான்.

காட்டின் தலைக்கு மேலே நிற்கும் எண்பது மீட்டர் கோபுரத்தில் தினமும் விடியும்போது ஏறி, உச்சியிலிருக்கும் வடிதாளை மாற்றி வருவது அவன் வேலை. காற்றில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் அந்த வெள்ளைத் தாளில் ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் ஒரு மாதம் எடுத்தவற்றில் பதினோரு தாள்களில் டாக்டர் பொட்டாசியம் உப்பைக் கண்டிருந்தாள். காளானும் இலையும் காற்றில் விடுகிற உப்பு அது, அதைப் பற்றிக்கொண்டுதான் ஈரம் மேகமாகிறது, இந்தக் காடு தன் மழைக்குத் தானே விதை போடுகிறது என்பது அவள் கட்சி. ஆறு வருஷமாக ஒருத்தரும் அவளை நம்பவில்லை. ஏனென்றால் விறகுப் புகையிலும் அதே உப்பு உண்டு. புகை அளக்கும் கருவி அந்த மாதம் பார்த்துப் பழுதாகிவிட்டது. மிஞ்சிய சாட்சி ஆதமோர் தினமும் நிரப்பும் படிவம்தான். 'அருகில் புகை உண்டா?' என்ற கட்டத்தில் பதினோரு நாளும் அவன் 'இல்லை' என்று எழுதியிருந்தான்.

அதில் மூன்று நாள் பொய். பாதிக் கோபுரத்தில் குளவி கூடு கட்டியிருந்தது. ஆற்றோரத்துக்காரன் எவனும் செய்வதைத்தான் செய்தான்: மரக்கிளையில் கரையான் கட்டிக் காய்ந்த புற்றுத் துண்டைப் பால் டப்பாவில் போட்டுக் கொளுத்தி, கூட்டுக்கடியில் பிடித்தான். போன வருஷம் கொட்டு வாங்கி முகம் வீங்கியபோது ஒஸ்மரீனா ஒரு மாசம் கேலி பண்ணியிருந்தாள். குளவிக்குப் பயந்தேன் என்று தாளில் வேறு எழுதிக்கொடுப்பதா? இத்தனை பெரிய காட்டில் ஒரு டப்பா புகை எந்த மூலைக்கு என்று விட்டுவிட்டான். இப்போது நினைத்தால் கூசியது.

சாப்பாட்டுக்குப் பிறகு, டாக்டர் தனியாக இருந்த கொட்டகைக்குப் போய் நின்றான். எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"எந்தெந்த நாள்?"

"மூணு நாள்தான் டாக்டரம்மா. நாலாந்தேதி, ஒம்பது, பத்து. அந்த மூணையும் தூக்கிப் போட்டுருங்க. மீதி எட்டும் சுத்தம். எம் பொண்ணு மேல சத்தியம்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. அவள் படிவங்களை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"அந்த எட்டுலயும் 'இல்லை'ன்னு எழுதினது யாரு ஆதமோர்?"

அவன் படிவத்திலிருந்த தன் கையெழுத்தைப் பார்த்தான்.

"நான் உங்களை நம்பறேன். ஆனா என் நம்பிக்கையை எவன்கிட்ட போய்க் காட்டுவேன், சொல்லுங்க?" குரல் உடைந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பதினோரு படிவங்களையும் அடுக்கி உறைக்குள் வைத்தாள். கட்டுரைத் தாளை இரண்டாக மடித்து அதே உறைக்குள் செருகினாள். ஆறு வருஷம். ஒரு குளவிக் கூடு. பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது அவனுக்கு.

"டாக்டரம்மா, போட்டோ எடுக்கணுமாம்! படகு கிளம்பப் போவுது!" வெளியே ஒஸ்மரீனா தலைவாரிப் பளிச்சென்று நின்று கூப்பிட்டாள். கோபுரத்தடியில் எல்லோரும் வரிசையாக நின்றிருந்தார்கள். டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் நடுவில் நின்றாள். ஆதமோர் ஓரத்தில் ஒண்டினான்.

"பேரு போட்ட பெரிய மனுஷன் ஓரத்துல நிக்கறதாவது! நடுவுல போய்யா!" ஒஸ்மரீனா அவன் முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

லெனீசி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அரையடி நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.