மற்ற எல்லோரும்

1

இந்தக் கதை ஒரு டீக்கடையில் கிடைத்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அது கிடைத்தது பெருமாநல்லூரில், ஒரு பனியன் கம்பெனி வரவேற்பறையில், மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்திருந்தபோது. எதிரே லேப்டாப்போடு இருந்த பெண் தானாகவே பேச்சுக் கொடுத்தாள். எஃப் ஷார்ப் என்றொரு கணினி மொழியில் புரோகிராம் எழுதுகிறாளாம்.

"அதுல ஒரு தடவ ஒண்ணுக்கு மதிப்புக் குடுத்துட்டா மாத்த முடியாதுங்க. வேணும்னா மாத்தம் பண்ணிப் புதுசா ஒரு நகல் எடுத்துக்கலாம். பழசு அப்படியேதானுங்க இருக்கும்."

"மாற்றியே ஆக வேண்டும் என்றால்?"

"அதுக்கும் வழி இருக்குதுங்க. ஆனா இது மாறும்னு மொதல்லயே சொல்லி வெக்கோணும்."

கதை எழுதுவதும் அடித்துத் திருத்துவதுமாகவே முப்பது வருடம் பிழைப்பு நடத்துகிறவன் நான். எதையும் முதலிலேயே சொல்லி வைத்துப் பழக்கமில்லை. சிரித்துவிட்டேன். அப்போது சிரித்ததற்கு இப்போது வருத்தப்படுகிறேன்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

கவிப்பிரியாவுக்குக் கணினித் திரையில் பிழையைக் காட்டும் நெளிகோடு வந்தால் சோறு இறங்காது, ஏனென்றால் அவள் சின்ன வயதில்— (சின்ன வயதெல்லாம் யாருக்கு வேண்டும்? விட்டுவிட்டேன்.)

திருப்பூரில் தீபாவளி என்பது— (கட்டுரை வாடை அடித்தது.)

மூன்றாவது நின்றது: "புதன்கிழமை சாயங்காலம் துணி குடோனில், ரோல்களுக்கு நடுவே உட்கார்ந்து பழனியம்மாள் ஓட்டைத் துணி பிரித்துக்கொண்டிருந்தாள். ஆறு மணிக்குச் சங்கு ஊதியது. இனிப்பு டப்பாவும் பையுமாக எல்லோரும் ஊருக்குப் போனார்கள். கம்பெனிக்குப் பத்து நாள் லீவு."

[பழனியம்மாள் யார் என்று கேட்காதீர்கள். குடோன் காலியாகத் தெரிய வேண்டாம் என்று போட்ட ஆள். நாற்பது வயது, மூக்குத்தி, குண்டடம் பக்கம். அதற்கு மேல் எனக்கே தெரியாது.]

3

கவிப்பிரியாதான் அந்தக் கம்பெனிக்குப் புரோகிராம் எழுதுகிறவள். குடோனுக்குள் ஆளில்லை என்று உறுதியானதும் ஷட்டரை இறக்கிப் பூட்டுவது அவளுடைய புரோகிராமின் வேலை. அதற்காக, வாசலில் வைக்கும் கார்டைக் கொண்டு ஒவ்வொரு ஆளும் எந்த நிலையில் இருக்கிறார் என்று ஒத்துப் பார்க்கும். தமிழில் எழுதிக் காட்டினால் இப்படி இருக்கும்:

உள்ளே → பூட்டாதே
வெளியே → பூட்டலாம்
_ → பூட்டலாம்

அந்த அடிக்கோட்டுக்கு 'மற்ற எல்லாம்' என்று பொருள். முதலில் அந்த மற்றவை இரண்டுதான்: விடுப்பில் இருப்பவர், வேலையை விட்டவர். இரண்டையும் தனித்தனியே எழுதியிருக்கலாம். எழுதாமல் விட்டால் அந்த மொழி நெளிகோடு போட்டு, இந்த நிலைக்கு என்ன பதில் என்று கேட்கும். ஆனால் கம்பெனி ஓனர் லிங்கசாமி அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"ஆச்சா கண்ணு?"

"ஆச்சுங்க" என்று அடிக்கோட்டைப் போட்டாள். நெளிகோடு போய்விட்டது.

மூன்று மாதம் கழித்து லிங்கசாமி மறுபடியும் வந்தார். அவசர ஆர்டர் என்றால் அவருடைய இன்னொரு யூனிட்டிலிருந்து நாலைந்து பேரை இங்கே அனுப்புவார்கள். அவர்களையும் கணக்கில் கொண்டுவர வேண்டும் என்றார். கவிப்பிரியா புதிதாக ஒரு நிலையைச் சேர்த்தாள். அதை 'இரவல்' என்று வைத்துக்கொள்வோம். இரவல் ஆள் கார்டை வைத்தால் 'உள்ளே' என்று விழாது, அந்தப் பெயர்தான் விழும். இப்படி ஒன்றைச் சேர்த்தால், எங்கெல்லாம் அதற்குப் பதில் இல்லையோ அங்கெல்லாம் அந்த மொழி கத்தியிருக்க வேண்டும். பூட்டுகிற இடத்தில் கத்தவில்லை. அங்கே அடிக்கோடு ஏற்கெனவே 'பூட்டலாம்' என்று பதில் சொல்லி வைத்திருந்தது.

4

ஞாயிற்றுக்கிழமை காலை. தலைத்தீபாவளிக்கு உடுமலைப்பேட்டையில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள் கவிப்பிரியா. கணவன் தமிழ்செல்வன் மாமனாரோடு தோப்புக்குப் போயிருந்தான். சும்மா இருக்கப் பிடிக்காமல் லேப்டாப்பைத் திறந்து பழைய வரிகளைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தாள். அடிக்கோட்டை எடுத்துவிட்டு, விடுப்பு, விட்டவர் என்று முறையாக எழுதினாள்.

நெளிகோடு வந்தது. அந்த மொழி உதாரணத்தோடுதான் குறை சொல்லும். "எல்லா நிலைக்கும் பதில் இல்லை. உதாரணமாக, இரவல்."

புதன்கிழமை வந்த எல்லோரையும், இரவல் ஆட்களை மட்டும் நிறுத்தும் ஒரு வடிகட்டியில் விட்டாள். மிஞ்சியவர்களை, வெளியே போனவர்களைக் கழிக்கும் அடுத்ததில் விட்டாள். கடைசியில் ஒரு பெயர் நின்றது. பழனியம்மாள். குடோனுக்குள் போனது நாலு பத்து. வெளியே வந்த பதிவு இல்லை.

[அதற்கு வேறு காரணமும் இருக்கலாம். இரவல் ஆட்கள் கார்டை வைக்காமல் அவர்கள் யூனிட் வேனில் ஏறிப் போவதுண்டு. நானும் இதைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கத்தான் பார்த்தேன்.]

குடோன் விளக்குகள் யாராவது அசைந்தால் எரியும், அசைவு நின்றால் அணையும். அதற்கும் பதிவு இருந்தது. பார்க்காமல் மூடியிருக்கலாம். பார்த்தாள். புதன் இரவு விளக்கு அணையவே இல்லை. வியாழன் முப்பத்தொரு தடவை எரிந்திருந்தது. வெள்ளி, தீபாவளியன்று, ஒன்பது. சனி இரண்டு.

ஞாயிறு காலை 9.40, ஒன்று.

[இந்தக் கடைசி வரியை நான் எழுதியதாக நினைவில்லை. கையெழுத்து என்னுடையதுதான்.]

5

பழனியம்மாளின் போன் அணைந்திருந்தது. போனைக் கேட்டில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது கம்பெனி விதி.

லிங்கசாமி மூணாறில் இருந்தார். "நோம்பி நாளும் அதுவுமா கம்ப்யூட்டர வெச்சுட்டு உக்காந்திருக்கறயா கண்ணு? லைட்டு எலிக்குங்கூட எரியும். அந்தம்மா ஊருக்குப் போயிருக்கும்."

"போனாங்களான்னு யாராவது பாத்தாங்களாங்க?"

"எல்லாரும் போனாங்களே கண்ணு" என்றார்.

பதிவேட்டில் இருந்த இன்னொரு எண்ணுக்குப் போட்டாள். பழனியம்மாளின் கணவர் நல்லான் எடுத்தார். கம்பெனிப் பேரைச் சொன்னதும் அவர் குரல் பணிந்துவிட்டது.

"சொல்லுங்க சாமி. அர்ஜென்ட் ஆர்டரு, நோம்பிக்கு வர முடியாதாட்ட இருக்குதுன்னு போன வாரமே சொன்னாளுங்க. போனும் போகமாட்டீங்குது. வேல செரியா இருக்கும்னு நாங்களும் உட்டுட்டமுங்க. ஏனுங்க, அங்கதானுங்க இருக்கறா?"

கவிப்பிரியா திரையில் இருந்த 9.40-ஐப் பார்த்தாள்.

"ஆமாங்க" என்றாள். "இங்கதானுங்க இருக்காங்க."

6

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டேன். கவிப்பிரியாவைக் குற்றவாளியாக்க எனக்கு யோக்கியதை கிடையாது. இரண்டாம் பகுதியை எடுத்துப் பாருங்கள். பழனியம்மாளை உள்ளே உட்கார வைத்துவிட்டு, அடுத்த மூச்சில் 'எல்லோரும் ஊருக்குப் போனார்கள்' என்று எழுதியது நான். சொல்லப்போனால் ஷட்டரை இறக்கியதே அந்த வாக்கியம்தான். அவளைப் பெயர் சொல்லி வெளியே அனுப்ப எனக்கு நான்கு சொற்கள் போதும். தோன்றவில்லை.

திருத்தினேன். 'பழனியம்மாள் துணியை உதறி வைத்துவிட்டுக் கடைசி ஆளாக வெளியே வந்தாள்.' நன்றாகத்தான் இருந்தது. அந்தத் தாளில் அவள் வீட்டில் பலகாரம் சுட்டாள், நல்லானோடு சண்டை போட்டாள். ஆனால் அது நகல். பழைய தாளை எடுத்துப் பார்த்தால் அதில் அவள் இன்னமும் ரோல்களுக்கு நடுவே இருக்கிறாள். கிழித்துப் போட்டால் என்ன ஆவாள் என்று தெரியாததால் கிழிக்கவும் பயமாக இருக்கிறது.

அந்த அறையில் என்னவெல்லாம் வைத்தேன் என்றும் தேடினேன். துணி, ரோல், விளக்கு. தண்ணீர் வைக்கவில்லை.

7

கவிப்பிரியா 108-க்குச் சொல்லிப் பெருமாநல்லூருக்கு வரச்சொன்னாள். பண்டிகை விபத்துகளுக்கு வண்டிகள் போயிருப்பதால் நேரமாகும் என்றார்கள். ஷட்டரைத் திறக்கும் கார்டு அவளிடமும் லிங்கசாமியிடமும் மட்டுமே இருந்தது. தமிழ்செல்வன் வண்டியை எடுத்தான். பல்லடம் தாண்டியதும் அவன், "நீ வேணும்னு பண்ணுலயே" என்றான். ஆம்புலன்சுக்கு முன்னாலேயே அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். கார்டை வைத்தாள். ஷட்டர் ஏறியது.

அந்த மொழியில், இருக்கலாம் இல்லாமலும் போகலாம் என்கிற ஒன்றைத் தொட வேண்டுமானால், 'உண்டு' என்றால் என்ன, 'இல்லை' என்றால் என்ன என்று இரண்டையும் எழுதியாக வேண்டும். எழுதினேன்.

உண்டு → உள்ளே பழனியம்மாள்—
இல்லை → உள்ளே பழனியம்மாள்—

இரண்டும் இதற்கு மேல் நகரவில்லை. 'பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்' என்று முடிப்பது எனக்குச் சுலபம். மறுபடியும் ஓர் அடிக்கோடு போட மாட்டேன். அதனால் இங்கே நான் நின்றுகொள்கிறேன், நீங்கள் முன்னால் வாருங்கள்.

உள்ளே இருட்டு. யாராவது அசைந்தால் விளக்கு எரியும். நீங்கள் காலெடுத்து வைத்தாலும் எரியும். அப்புறம் அது யாருக்காக எரிந்தது என்று சொல்ல முடியாது. ஒரு நிமிடம் வாசலிலேயே நில்லுங்கள். 'யாராவது இருக்கீங்களா' என்று கேட்காதீர்கள்.

அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.