பின்னால் போன மீன் மெஷின்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியது நகராட்சி நீச்சல் குளத்தில், தண்ணீருக்கு அடியில், கால் முன்னால் போக, தலை பின்னால் வர, மூக்கில் குளோரின் ஏறிக்கொண்டிருந்தபோது. மற்ற எழுத்தாளர்களுக்குக் கதை ரயில் ஜன்னலில் வருகிறது, மழையில் வருகிறது. நமக்கு வாய்த்தது இதுதான்.

எப்படி ஆரம்பிப்பது என்று நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அந்தக் குப்பையையும் பார்த்துவிடுங்கள்.

அ. காலை ஆறு மணிக்குக் குளம் கண்ணாடி போல அசையாமல்—

(கதைகளில் வரும் எல்லாக் குளமும் கண்ணாடி போலத்தான் இருக்கிறது. அன்றைக்கு இந்தக் குளத்தில் யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு மிதந்தது.)

ஆ. மோட்டாரை நம்பாமல், கையாலும் காலாலும் சுற்றியே தண்ணீருக்கு அடியில் மீன் மாதிரிப் போக மனிதன் அந்தக் காலத்தில் என்னென்னவோ கருவிகளை—

(கட்டுரை. எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.)

இ. அக்கா இரண்டு வருஷமாகத் தண்ணீரில் இறங்கவில்லை.

இதுதான் சரியான தொடக்கம். இதை முதலில் வைக்காமல் சுற்றி வளைத்ததற்குக் காரணம் பயம், வேறொன்றும் இல்லை. நான் எழுதுவதையெல்லாம் முதலில் படிப்பவள் அக்காதான், கையில் பென்சிலோடு. இந்தக் கதைக்கு அனுமதி கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: "நான் எழுதினதை நீ நைசா எடுத்துடக் கூடாது. அப்படியே அச்சாகணும்." ஆகவே அடைப்புக்குறிக்குள் 'அக்கா' என்று வந்தால் அது அவளுடைய பென்சில்.

2

அக்கா அந்தக் குளத்தில் பதினோரு வருஷம் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவள். ஸ்கூட்டர் சறுக்கி முழங்கால் போயிற்று. ஆபரேஷனுக்குப் பிறகு இடது கால் மடங்குவதில்லை. நடக்கலாம், மெதுவாகப் படியேறலாம், தண்ணீரில் உதைக்க மட்டும் வராது. அதே குளத்தில் டிக்கெட் கவுன்ட்டரில் உட்காரவைத்தார்கள். அவள் நாற்காலியிலிருந்து தண்ணீருக்குப் பத்து எட்டுதான். முதுகைத் தண்ணீருக்குக் காட்டியபடி நாள் முழுக்க டிக்கெட் கிழித்துக் கொடுப்பாள்.

"இறங்கித்தான் பாரேன், காலுக்கு நல்லது" என்று டாக்டர் சொன்னார், நான் சொன்னேன், டிக்கெட் வாங்க வந்தவர்கள்கூடச் சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்: "பாக்கலாம்."

உள்ளுக்குள் அவள் தண்ணீருக்காக ஏங்கித் தவித்து, கண்ணீரை மறைத்து—

(அக்கா: யாருடா தவிச்சா? கோணல்மாணலா நீந்தறதை, நான் சொல்லிக்கொடுத்த பிள்ளைங்க பாக்க வேணாம்னு நினைச்சேன். அவ்வளவுதான். 'பாவம்'ங்கற வார்த்தை இந்தக் கதையில எங்கயாச்சும் வந்துச்சு, கிழிச்சுப் போட்டுருவேன்.)

வரவில்லை. அவளே எழுதியதைத் தவிர.

3

இப்போது மாமா. அக்காவின் வீட்டுக்காரர், தையல் மெஷின் ரிப்பேர் பார்ப்பவர். ஒரு நாள் பழைய மெஷின்களை எடைக்கு எடுக்கப் போனவர், அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து சம்பந்தமே இல்லாத ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். நெஞ்சில் கட்டிக்கொள்ளும் ஒரு பலகை. பலகைக்குக் கீழே சைக்கிள் பெடல் மாதிரி இரண்டு கைப்பிடிகள். அங்கிருந்து பல்சக்கரங்கள், நீளமாக ஒரு பித்தளைத் தண்டு, தண்டின் நுனியில், தொடைக்கு நேராக, மூன்று இறக்கை விசிறி. குப்புறப் படுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையால் சுற்றினால் ஆள் தண்ணீருக்கு அடியில் போகலாம். கால் சும்மா கிடந்தால் போதும்.

கால் சும்மா கிடந்தால் போதும். படித்தீர்கள் அல்லவா? மாமாவின் கண்ணில் பட்டதும் அதுதான்.

ஆனால் மனுஷன் அக்காவிடம் 'இறங்கு' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைத்தான் பிடித்தார். "மாப்ள, உன்னை வச்சு டெஸ்ட் பண்ணப் போறேன்."

"எனக்கு நீச்சலே அரைகுறை மாமா."

"அதான் வேணும். நீ தேறிட்டா யார் வேணா தேறிருவாங்க."

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள இன்றுவரை முயன்றுகொண்டிருக்கிறேன்.

அதற்கு 'மீன் மெஷின்' என்று பெயர் வைத்து, மூன்று வாரம் பட்டறையில் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். துருவைச் சுரண்டினார், கிரீஸ் போட்டார், தேய்ந்துபோன பல்சக்கரங்களுக்குப் பதிலாகத் தையல் மெஷின் சக்கரங்களை மாட்டினார்.* ஆபத்து என்றால் ஒரே இழுப்பில் வார் முழுதும் கழன்றுவிட வேண்டும் என்ற யோசனை அக்காவுடையது. தட்டு கழுவிக்கொண்டே, தனக்கும் இதற்கும் ஒரு ஒட்டும் உறவும் இல்லாத மாதிரிச் சொன்னாள்.

* முதல் பரிசோதனை குளியலறைத் தொட்டியில் நடந்தது. விசிறி பிரமாதமாகச் சுற்றியது. தொட்டித் தண்ணீர் பாதி சுவரில், மீதி மாமாவின் மேல். அது எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்க்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

4

குளத்து லைஃப் கார்டை எல்லோரும் 'விசில்' என்றுதான் கூப்பிடுவார்கள். விசிலை வாயிலிருந்து எடுக்காமலே பேசுவார், சிரிப்பார், டீ குடிப்பார் என்றும் கேள்வி. தண்ணீருக்குள் கருவி எதுவும் கொண்டுபோகக் கூடாது என்று அங்கே போர்டே இருக்கிறது. அக்காவின் முகத்துக்காக, ஞாயிற்றுக்கிழமை குளம் திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் கேட்டைத் திறந்துவிட்டார். அக்கா வெறுமனே துணைக்கு வந்தவள் போல, முழங்கால் வரை நீண்ட சட்டையோடு, தண்ணீரைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

என்னைக் கட்டினார்கள். ஆழம் குறைந்த பக்கம்தான், நின்றால் நெஞ்சளவு. மூச்சை இழுத்து, முங்கி, கைப்பிடிகளைச் சுற்றினேன். சும்மா சொல்லக் கூடாது, வேகம் நன்றாகவே வந்தது. ஆனால் நெருங்கி வரவேண்டிய எதிர்ச் சுவர் என்னைவிட்டு விலகி விலகிப் போனது. என்னடா இது என்று யோசிப்பதற்குள் இரண்டு குதிகாலும் பின்னால் இருந்த படிக்கட்டில் மோதின.

எழுந்து நின்று இருமினேன். அக்கா சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். விசிலும் சிரித்தார். அது கீ கீ என்று வெளியே வந்தது.

"என்னங்க இது, ரிவர்ஸ்ல போகுது!" என்றாள் அக்கா.

"எதிர்ப்பக்கம் சுத்து மாப்ள!" என்று கத்தினார் மாமா.

"சுத்த மாட்டேங்குது மாமா! பூட்டுன மாதிரி இருக்கு!"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "எதிர்ப்பக்கம் சுத்தாம இருக்க உள்ள கொக்கி போட்டீங்களா?"

"போடாம? சக்கரத்தை எப்பவும் நம்ம பக்கமாத்தான் சுத்தணும். எதிர்ப்பக்கம் சுத்துனா நூல் சிக்கும்ல?"

"எந்த நூலு?"

மாமா தலையில் அடித்துக்கொண்டார். முப்பது வருஷமாக வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிச் சொல்லிக் கைக்குள் இறங்கிவிட்ட பாடம். தையல் மெஷின் மாதிரி நம்ம பக்கமாகச் சுற்றினால் இந்த விசிறி ஆளைப் பின்னால்தான் தள்ளும்.

5

இங்கே ஒரு கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு கைதேர்ந்த மனுஷன் இப்படி ஒரு தப்பைப் பண்ணுவாரா? அக்காவைச் சிரிக்கவைக்க வேண்டும் என்றே செய்திருந்தால்? எழுத்தாளனுக்கு இந்த மாமாதான் வசதி. ஆழம் கிடைக்கும், அன்பு கிடைக்கும், வாசகர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அப்படியே ஒரு பக்கம் எழுதியும் விட்டேன். பிறகு பட்டறைக்குப் போய் நேரிலேயே கேட்டேன்.

"நான் அவ்வளவு புத்திசாலி இல்ல மாப்ள" என்றார். காது சிவந்துவிட்டது. "இதை வெளிய சொல்லாதே, தொழில் படுத்துரும்."

(அக்கா: தெரியாம பண்ணதுதான். தெரிஞ்சு பண்ணியிருந்தா மூணாம் நாளே என்கிட்ட உளறியிருப்பாரு. அந்த ஒரு பக்கத்தைத் தூக்கிப் போடு.)

போட்டுவிட்டேன். நல்ல பக்கம் அது.

6

திரும்பவும் குளம். மாமா மெஷினை என் நெஞ்சிலிருந்து கழற்றினார். "ஒரு வாரம் குடு, மாத்திக் கொண்டாந்துடறேன்."

"எதுக்கு மாத்தணும்?" என்றாள் அக்கா. "இப்படியே குடுங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"பின்னாடில்ல போகும்மா?"

"போகட்டும். முன்னாடி போனா, இவ முன்ன எப்படி நீந்துனா, இப்ப எப்படி நீந்தறான்னு பாப்பாங்க. இப்படிப் பின்னாடி போறதை யாரு பாத்திருக்கா? நான் எப்படிப் போறேனோ அதான் சரியான முறை."

நீளச் சட்டையைக் கழற்றி என் மேல் எறிந்தாள். உள்ளே நீச்சல் உடை. எத்தனை நாளாக அதைப் போட்டுக்கொண்டு டிக்கெட் கிழித்தாள் என்று—

(அக்கா: அன்னைக்கு மட்டும்தான். ரொம்பக் கற்பனை பண்ணாதே.)

படிக்கட்டில் இடது காலை இறக்கி, வலது காலை வைத்து, மறுபடி இடது. இரண்டு வருஷம் கழித்துத் தண்ணீர் அவள் கணுக்காலைத் தொட்டது, முழங்காலைத் தொட்டது, இடுப்பைத் தொட்டது. மாமா வாரைத் தளர்வாகவே மாட்டினார். "இழுத்துக் கட்டுங்க, நூல் ஒண்ணும் சிக்காது" என்றாள். எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பி முங்கினாள்.

போனாள். மடங்காத இடது கால் நேராக நீண்டிருந்தது, வலது கால் அதற்கு ஜோடியாக. தண்ணீருக்குள் அதைப் பார்த்து எது கெட்ட கால் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. நம்மைவிட்டுப் போகிற ஆளின் முதுகைத்தான் பார்த்திருக்கிறோம். அக்கா முகத்தைக் காட்டிக்கொண்டே போனாள். நீச்சல் கண்ணாடிக்குள்ளிருந்து எங்களைப் பார்த்தபடி, கையைச் சுற்றிச் சுற்றி, தூரமாகிக்கொண்டே போனாள். நடுவில் நாக்கை வேறு துருத்தினாள். மாமா ஸ்க்ரூட்ரைவரும் கையுமாக விளிம்போடு கூடவே நடந்தார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது, அழுதேன்.

(அக்கா: இதை அப்படியே விட்டுரு. நல்லாயிருக்கு.)

பாதிக் குளத்தில் அவள் கை நின்றது. விசிறி நின்றது. பித்தளையின் கனத்தில் தரைக்கு ஒரு சாண் மேலே அப்படியே கிடந்தாள். தலைமுடி மட்டும் அசைந்தது. விசில் தண்ணீரில் பாயத் தயாராகி, ஊதுவதற்குக் கன்னத்தை உப்பினார். மாமா எட்டி விசிலை அவர் வாயிலிருந்து பிடுங்கினார். லைஃப் கார்டுக்கு முன்பல் இரண்டும் இல்லை என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

"ஊதாதீங்க" என்றார் மாமா. "அவ சும்மா இருக்கா. கையைப் பாருங்க."

பார்த்தோம். அக்காவின் கைகள் கைப்பிடியை விட்டுவிட்டு, தண்ணீரை மெல்ல அளைந்துகொண்டிருந்தன.

7

இனி முடிவு. மூன்று எழுதிக் கொடுத்தேன்.

ஒன்று: அக்கா மீதித் தூரத்தையும் கடந்து சுவரைத் தொட்டு, கையை உயர்த்தி எழுகிறாள், நாங்கள் கைதட்டுகிறோம். (அக்கா: சினிமா.)

இரண்டு: வார் சிக்கிக்கொள்கிறது, மாமா ஸ்க்ரூட்ரைவரோடு குதித்துக் காப்பாற்றுகிறார். (அக்கா: அவருக்கு நீச்சல் தெரியாது. அப்புறம் நான்தான் அவரைக் காப்பாத்தணும்.)

மூன்று: மேலே வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இனிமே தினமும் இறங்குவேன்" என்கிறாள்.

இந்த மூன்றாவதன் மேல் பென்சில் மூன்று தடவை குறுக்கே ஓடியிருந்தது. காகிதம் கிழிந்தே போயிற்று. ஓரத்தில் எழுதியிருந்தாள்:

(அக்கா: ரெண்டு வருஷமா எல்லாரும் சேந்து 'இறங்கு, இறங்கு'ன்னீங்க. இறங்கினதும் 'ஏறு, ஏறு'ங்கறீங்க. எப்ப வெளிய வரணும்னு எனக்குத் தெரியும்டா. மூணையும் அடிச்சாச்சு. அங்கயே விடு.)

விடுகிறேன். நீங்கள் பயப்பட வேண்டாம், அக்கா பக்கத்து அறையில்தான் பென்சில் சீவிக்கொண்டிருக்கிறாள். மூச்சுக்கு ஒரு குறையும் இல்லை. என்னைத் திட்டுகிற சத்தம் தெருமுனை வரை கேட்கிறது. ஆனால் இந்தக் கதைக்குள் அவளைத் தண்ணீரிலிருந்து வெளியே கொண்டுவர எனக்கு உரிமை இல்லை. அவள் பாட்டுக்குக் கிடக்கிறாள். மாமா விளிம்பில் துண்டை வைத்துக்கொண்டு நிற்கிறார், பக்கத்தில் நான் நிற்கிறேன். வேண்டுமானால் நீங்களும் வந்து நில்லுங்கள், இடம் இருக்கிறது. விசிலை மட்டும் யாரும் ஊதிவிடாதீர்கள்.