காதோரம் ஒரு முட்டை

மகாராணி என்று பெயர் வைத்ததுதான் தப்பு. முட்டை போடுவதோடு தன் கடமை தீர்ந்தது என்று அந்தக் கோழி எழுந்து போய்விடும். அடைகாப்பதெல்லாம் மற்றவர் பாடு. வேறு வழியில்லாமல் மெக்கானிக் ஒரு தெர்மாகோல் பெட்டியை எடுத்தார். பல்பு மாட்டி, சூடு ஏறினால் தானாக அணைகிற மாதிரி செய்து, மூலையில் தண்ணீர்க் கிண்ணம் வைத்து, மூடியில் கண்ணாடி பதித்து இன்குபேட்டராக்கிவிட்டார். செய்தது அவர். முட்டைகளுக்குத் தாயானது அவர் மனைவி டெய்லரம்மா.

பெட்டி தையல் மிஷினுக்குப் பக்கத்தில் இருந்தது. மழை மதியங்களில் அதன் மஞ்சள் வெளிச்சம் அறை முழுக்கப் பரவி நிற்கும். பாதி தைத்த சட்டைகள் கொடியில் மெல்ல ஆடும். முட்டைகளுக்குள் யாரோ தூங்கிக்கொண்டே வளர்ந்துகொண்டிருப்பார்கள். டெய்லரம்மா மிஷினை மிதித்தபடி அவற்றிடம் தெருக்கதை முழுவதையும் சொல்வாள், முட்டையைத் திருப்பி வைக்கும்போது "இந்தப் பக்கமா படு" என்பாள். புருஷனிடம் பேசுவது எப்போதோ குறைந்துவிட்டது.

ஏன் குறைந்தது என்று மெக்கானிக்குக்கு விளங்கவில்லை. ஒர்க்‌ஷாப் இரைச்சலிலேயே காலத்தைக் கழித்த அவருடைய காது, கொஞ்சம் கொஞ்சமாகக் கடையைக் கட்டிக்கொண்டிருந்தது. எஞ்சின் சத்தம் கேட்காதவனிடம் எவன் வண்டியை விடுவான்? ஊருக்கு மறைக்க ஆரம்பித்தது வீட்டுக்குள்ளும் பழக்கமாகிவிட்டது. யார் என்ன கேட்டாலும் ஒரு தலையாட்டல், ஒரு "ஆமா". சமையலறையிலிருந்து அவள் "கத்திரிக்காயா, உருளைக்கிழங்கா?" என்று கேட்டாலும் அதே "ஆமா"தான். இப்படிப்பட்ட மனுஷனோடு யார்தான் பேச்சுக் கொடுப்பார்கள்?

குஞ்சுகள் பொரிந்தன. ஈரத்தோடு தள்ளாடி வந்தவை காய்ந்து பஞ்சாகிவிட்டன. காகிதத்தில் கால் வழுக்கும் என்று டெய்லரம்மா அட்டைப்பெட்டியில் வெட்டுத்துணிகளைப் பரப்பி அவற்றை அதில் விட்டாள். ஒவ்வொன்றின் மூக்கையும் தண்ணீரில் லேசாகத் தொட்டுவைத்துக் குடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். குஞ்சுகள் வாயைத் திறந்து திறந்து மூடுவதை மெக்கானிக் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாமே ஊமைப்படம்.

இன்குபேட்டரில் ஒரு முட்டை மட்டும் கீறல்கூட விழாமல் மிஞ்சியது.

மறுநாள் மதியம், தைத்த துணிகளைக் கை நிறைய அள்ளிக்கொண்டு கிளம்பியவள் அவருக்கு எதிரே வந்து நின்றாள். உதட்டைப் பார்த்தே அவர் புரிந்துகொண்டார்.

"மழை வர்றதுக்குள்ள குடுத்துட்டு வந்துடறேன். அந்த ஒண்ணைக் காதுல வச்சுக் கேளுங்க. உள்ள கத்துச்சுன்னா விட்டுடுங்க. சத்தமே இல்லன்னா செத்துப்போச்சு. எடுத்துப் புதைச்சிடுங்க. வெடிச்சா வீடே நாறும்."

"ஆமா," என்றார்.

காதில் வைத்துக் கேட்டார். ஒன்றுமில்லை. மறு காதில் வைத்தார். அங்கேயும் ஒன்றுமில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ஒரே இருட்டு. செத்துப்போனது குஞ்சா, தன் காதா? பக்கத்து வீட்டில் போய்க் கேட்கலாம்தான். கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். வாய் வரவில்லை.

கொல்லையில் சின்னதாக ஒரு குழி தோண்டினார். தூறல் விழ ஆரம்பித்தது. முட்டை உள்ளங்கையில் இன்னும் கதகதப்பாக இருந்தது. போட மனம் வரவில்லை.

பேரிங் போயிருக்கிறதா என்று பார்க்க, ஓடுகிற எஞ்சினில் ஸ்க்ரூட்ரைவர் முனையை ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்துவது அவர் வழக்கம். இவ்வளவு நாள் பிழைப்பு ஓடியதே அந்த எலும்பால்தான். இப்போதும் கை தானாக உயர்ந்து, முட்டையை அதே இடத்தில் ஒட்டி வைத்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

மழை சத்தமில்லாமல் பெய்தது. எங்கும் மஞ்சள் வெளிச்சம் போல இருந்தது. கொல்லை விலகிப் போயிற்று, வீடு விலகிப் போயிற்று. வெகு தூரத்தில் யாரோ ஒரு கதவைத் தட்டினார்கள். டக். அப்புறம் ஒரு நீண்ட ஓய்வு. டக், டக்.

கேட்டாரா, உணர்ந்தாரா என்று அவருக்கே தெரியவில்லை. உயிரோடு புதைக்கப் பார்த்தோமே! முட்டையைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு ஓடினார். பெட்டிக்குள் வைத்து, கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி மூடினார். அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டெய்லரம்மா திரும்பி வந்தபோது முட்டை ஓட்டில் ஒரு பொத்தல் விழுந்து, அதில் மூக்கு நுனி தெரிந்தது. அவள் முதுகைக் காட்டிக் குடையை உதறியபடி ஏதோ கேட்டாள். அவர் தலையாட்டவில்லை.

"நீ கேட்டது எனக்குக் கேக்கல," என்றார். "ரொம்ப நாளாவே கேக்கல. இதைப் புதைக்கவே போயிட்டேன்."

குடை கீழே விழுந்தது. அவள் வந்து அவர் எதிரே உட்கார்ந்தாள். கண் நிறைந்து வழிந்தது.

"அட பாவி மனுஷா! என் பேச்சு உங்களுக்குப் புளிச்சுப்போச்சுன்னுல்ல நெனச்சேன்! அதான் முட்டைங்ககிட்ட போய்ப் பேசிட்டிருந்தேன். அதுங்களாவது கடைசில பதில் சொல்லிச்சு."

பதிலுக்கு, முட்டையை ஒட்டிக் கேட்ட இடத்தை, காதுக்குப் பின்னாலிருந்த எலும்பை, விரலால் தொட்டுக் காட்டி, "இங்க கேக்குது," என்றார். அவள் ஒரு கணம் முழித்தாள். பிறகு நெருங்கி வந்து, அந்த எலும்பின் மேல் தன் தாடையை அழுத்திக்கொண்டு கேட்டாள்.

"கத்திரிக்காயா, உருளைக்கிழங்கா?"

"உருளைக்கிழங்கு," என்றார்.

"இன்னொரு தடவை கேளு."