மறைவுப் பக்கம்

மேலே கிரேன் கூண்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு வேலையிடத்தில் நடப்பது எல்லாம் தெரியும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். யாராவது ஓரமாக ஒதுங்கி சிகரெட் பற்றவைத்தால்கூட, "மேலக்கா பார்த்துட்டிருக்கும்டா" என்று பக்கத்தில் இருப்பவன் எச்சரிப்பான். மேலே இருக்கிற அக்கா, அதனால் மேலக்கா. உண்மையில் அவளுக்குத் தெரிந்தது பாதிதான். கட்டடம் வளர வளர அதன் பின்பக்கம் அவள் பார்வையிலிருந்து நழுவிக்கொண்டே போயிற்று. அந்த மறைவுப் பக்கத்தில் ஒரு சுமையை இறக்க வேண்டுமென்றால் வாக்கி-டாக்கியில் ஒரு மனிதர் சொல்வதைக் கேட்டு இறக்க வேண்டியதுதான். வேறு வழியில்லை.

அந்த மனிதருக்கு ரேடியோ என்று பெயர். சிக்னல் கொடுப்பது அவர் வேலை. வாயை மூடத் தெரியாதவர். கம்பிக் கூண்டு ஒன்று கீழே வரும்போது அதைப் புகுந்த வீட்டுக்கு வரும் மருமகளைப் போல வரவேற்பார். "இன்னும் ஒரு ஆள் உயரம், வா தாயி, இடுப்பு, முட்டி, கணுக்கால், வலது காலை எடுத்து வைம்மா, ஆச்சு" என்பார். அவளுக்கும் அந்தப் பேச்சு பிடித்திருந்தது. அவர் குரலைக் கேட்டால் போதும், கண்ணால் பார்த்தது போல் கை தானாக நகரும்.

இத்தனைக்கும் அவர் அவளை வெறுக்கக் காரணம் இருந்தது. கிரேன் ஓட்ட ஆள் எடுத்தபோது ரேடியோவின் மைத்துனனும் விண்ணப்பித்திருந்தான். சாமான் ஏற்றும் சின்ன லிஃப்டை வருடக்கணக்கில் ஓட்டிவிட்டு, பயிற்சி வகுப்பில் ஒரே பெண்ணாக உட்கார்ந்து பாஸ் செய்தவள் அவள். தண்ணீர் நிரம்பிய வாளியைக் கிரேனால் தூக்கி, நட்ட கழிகளுக்கு நடுவே சிந்தாமல் கொண்டுபோகச் சொன்னார்கள். மைத்துனன் சிந்தினான். அவள் சிந்தவில்லை. பொறுப்பிலிருந்த இன்ஜினியரம்மா அங்கேயே முடிவு சொல்லிவிட்டார். ரேடியோ அவளிடம் வந்து, "நல்லா ஓட்டினம்மா" என்றார். வார்த்தை சரியாகத்தான் இருந்தது, முகம்தான் வேறு எங்கோ இருந்தது.

அந்த மழைக்காலம் முடிந்ததும் ரேடியோவின் பேச்சு நின்றுவிட்டது. மருமகளும் இல்லை, வலது காலும் இல்லை. "இறக்கு", "நிறுத்து", மிஞ்சினால் "ரெண்டு ஆள் உயரம்", அவ்வளவுதான். அதிலும் ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னால் ஒரு இடைவெளி. கேட்டதற்குப் பதில் சொல்ல யோசிக்கும் பிள்ளையைப் போல. ஒரு தடவை பலகைக் கட்டு ஒன்று தொம்மென்று தரையில் உட்கார்ந்தது. இன்னொரு தடவை கம்பிக் கட்டு சாரத்தை உரசி, ஒரு குழாய் கழன்று தொங்கியது. இன்ஜினியரம்மா அவளைக் கூப்பிட்டு, என்ன, கை தடுமாறுகிறதா, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்தார். ரேடியோ பக்கத்திலேயேதான் நின்றார். நான்தான் தாமதமாகச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கையிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் அதைச் சொன்னபோது அவள் புருஷன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். பஸ் ஓட்டுகிறவன். கண்டக்டரிடம் பகைத்துக்கொண்டால் டிரைவர் கதி என்ன என்று அவனுக்குத் தெரியும்.

"அந்த ஆள் உனக்குக் குழி பறிக்கிறான்" என்றான். "நாலு தடவை இடிச்சா போதும், பொம்பளைக்குச் சரிப்படலன்னு சொல்லி இறக்கிடுவாங்க. அவன் மச்சான் ஏறி உட்காருவான்."

அப்படி இருக்காது என்று அவள் சொன்னாள். சொன்னாளே தவிர, அவன் சொன்னது மனதில் ஒட்டிக்கொண்டது.

மறுநாளிலிருந்து அவள் கண் வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தது. அப்படிப் பார்த்தபோதுதான் நெட்டை கண்ணில் பட்டாள். சுமைகளுக்குக் கயிறும் கொக்கியும் மாட்டும் கூட்டத்துக்குத் தலைவி நெட்டை. செங்கல் சுமந்துகொண்டிருந்தவளை, இவளுக்கு மூளை இருக்கிறது, கொக்கி வேலை கற்றுக்கொடுங்கள் என்று பேசிச் சேர்த்துவிட்டவளே மேலக்காதான். இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவர்கள். ஒருத்தி வீட்டு மாமியார் சண்டை இன்னொருத்திக்கு மனப்பாடம். அந்த நெட்டை இப்போது எந்நேரமும் ரேடியோவின் பக்கத்தில் நின்றாள். சுமை கிளம்பியதும் தன் இடத்தை விட்டு ஓடிப்போய் அவர் தோளோடு ஒட்டிக்கொண்டு, காதில் ஏதோ ஓதினாள். அவர்கள் கண்ணுக்குத் தெரிந்த பக்கம் நின்றபோது, மேலிருந்து பார்க்க இரண்டு தொப்பிகள் ஒட்டிக்கொண்டிருப்பது போல இருந்தது. சாப்பாட்டு வேளையில் மேலக்கா இறங்கி வந்தால் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு வெயிலைப் பற்றிப் பேசினார்கள்.

ஆணும் பெண்ணும் ஒட்டி நின்றால் உலகம் என்ன நினைக்குமோ அதை அவளும் ஒரு நாள் நினைத்துப் பார்த்தாள். ரேடியோவின் நரைத்த மீசையையும் நெட்டையின் துடுக்கு வாயையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது சிரிப்புதான் வந்தது. அது இல்லை. வேறு ஏதோ.

அந்த வேறு ஏதோவைப் பாதுகாப்பு அதிகாரி வாய் தவறிச் சொன்னார். உங்கள் சிநேகிதி கெட்டிக்காரி, விடுமுறை நாளில்கூட பயிற்சி வகுப்புக்குப் போகிறாளே, பரீட்சை நெருங்குகிறது போலிருக்கிறதே என்றார். கிரேன் ஓட்டப் பயிற்சி கொடுப்பதும் அதே இடம்தான். மேலக்கா முகத்தை மாற்றிக்கொள்ளாமல் தலையாட்டினாள். அன்று சாப்பிடும்போது, போன ஞாயிற்றுக்கிழமை எங்கே போயிருந்தாய் என்று சாதாரணமாகக் கேட்டாள்.

"அத்தை வீட்டுக்கு" என்றாள் நெட்டை. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

அத்தையோடு பேச்சு வார்த்தை அறுந்து எவ்வளவு காலமாகிறது என்று மேலக்காவுக்குத் தெரியாதா? வாயிலிருந்த சோறு மண்ணாகிவிட்டது. ஆக, மைத்துனனுக்கு இல்லை, இவளுக்குத்தான் அந்த நாற்காலி. கிழவர் குழி பறிக்கிறார், இவள் மண்ணை அள்ளிக் கொட்டுகிறாள்.

அதன்பிறகு அவள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு வேலை செய்தாள். ஏணிக் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டாள். காலையில் பிரேக்கை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சோதித்தாள். நெட்டை வழக்கம்போல் கயிற்றில் கட்டி மேலே அனுப்பிய டீயைக் குடிக்காமல் கொட்டினாள். கொட்டிவிட்டு, சீ, இது என்ன புத்தி, விஷமா வைக்கப் போகிறாள் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனாலும் அடுத்த நாளும் கொட்டினாள்.

அன்று காற்று லேசாக இருந்தது. தூணுக்கான கம்பிக் கூண்டு ஒன்று மறைவுப் பக்கம் போக வேண்டும். கனம் அதிகம். அவள் தூக்கினாள், திருப்பினாள், கட்டடத்தின் உச்சியைத் தாண்டியதும் கூண்டு கண்ணிலிருந்து மறைந்தது. இனிக் குரல்தான். வாக்கி-டாக்கியின் சத்தத்தைக் கூட்டிக் காதோடு வைத்துக்கொண்டாள். அவர் பொத்தானை அமுக்கும்போது பின்னால் என்ன கேட்கிறது என்று பிடிப்பதற்காக.

கேட்டது. மெலிதாக, ஒரு பெண் குரல். "ரெண்டு ஆள் உயரம்." உடனே ரேடியோவின் குரல், "ரெண்டு ஆள் உயரம்." மறுபடி பெண் குரல், "ஒண்ணு." ரேடியோ, "ஒண்ணு."

அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. நெட்டை சொல்ல இவர் ஏன் திருப்பிச் சொல்ல வேண்டும்? அதற்குள் பின்னால் கான்கிரீட் லாரி ஒன்று வந்து இரைந்தது. பெண் குரல் அமுங்கிவிட்டது. ரேடியோவும் பேசவில்லை. கம்பிக் கூண்டு அந்தரத்தில் தொங்கியது. பிறகு அவர் சொன்னார்.

"இறக்கு."

கை லீவரில்தான் இருந்தது. எத்தனையோ நாள் பழக்கம், அந்தச் சொல்லுக்குத் தானாக நகரும் கை. அன்று நகரவில்லை. நம்பிக்கை இல்லாததால் நகரவில்லை.

"என்ன தெரியுதுன்னு சொல்லுங்கண்ணே" என்றாள்.

லீவரை அப்படியே பிடித்துக்கொண்டு மறுபடி கேட்டாள்.

"கீழ யாராவது நிக்கிறாங்களா? அதைச் சொல்லுங்க, இறக்குறேன்."

லாரி இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு வாக்கி-டாக்கி கை மாறும் கரகரப்பு. நெட்டையின் குரல், மூச்சிரைக்க.

"இறக்காதக்கா. நேர் கீழ கம்பி கட்டுறவங்க ரெண்டு பேர் குனிஞ்சு நிக்கிறாங்க. அப்படியே பிடி."

பிடித்தாள். அவர்களை நெட்டை கத்தி விலக்கும் சத்தம் கேட்டது. அதன்பிறகு நெட்டையே உயரம் சொன்னாள், திசை சொன்னாள். இடைவெளி இல்லாமல், குரல் நடுங்காமல் சொன்னாள். கூண்டு சத்தமில்லாமல் நின்றது. கொக்கி கழன்றதும் மேலக்கா இயந்திரத்தை நிறுத்தினாள். ஏணியில் இறங்கி நேரே ரேடியோவைத் தேடிப் போனாள்.

சாமான் கொட்டகைக்குப் பின்னால் ரேடியோ ஒரு சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். அவள் வரும் காலடி கேட்டு நிமிர்ந்தார். நிமிர்ந்தாரே தவிர, அவர் பார்வை அவள் தோளுக்குப் பக்கத்தில் எங்கேயோ நின்றது. அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது, பேச்சு வறண்டது, இரண்டு தொப்பிகள் ஒட்டி நின்றது எல்லாம்.

"எத்தனை நாளாண்ணே?"

"சர்க்கரை வியாதி. கண்ணுக்கு நடுவுல புகை மாதிரி மறைக்குது. ஓரம் தெரியும்மா. ஓரத்தை வச்சு ஓட்டிரலாம்னு பார்த்தேன்."

பின்னாலேயே ஓடிவந்த நெட்டைதான் மீதியைச் சொன்னாள். கொக்கி வேலையில் பெண்கள் வேண்டாம் என்று எல்லோரும் சொன்னபோது மேலக்காவின் பேச்சைக் கேட்டு, அன்று தன் கீழிருந்த கூட்டத்தில் அவளுக்கு இடம் கொடுத்தவர் அவர். வேலை போனால் அவர் வீடு நடக்காது. அதனால் அவளைச் சிக்னல் பரீட்சை எழுத வைத்து, சான்றிதழ் வந்ததும் காதும் காதும் வைத்த மாதிரி இடத்தை அவளிடம் விட்டுவிட்டு விலகுவது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். கிரேன் பயிற்சி இல்லை, சிக்னல் பயிற்சி.

"என் சீட்டுக்குன்னு நினைச்சேன்" என்றாள் மேலக்கா.

நெட்டை அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "அதான் டீயைக் கொட்டினியா? கீழ நிக்கிறவ தலையிலதான்க்கா விழுந்துச்சு."

மூன்று பேரில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. ஒரு வாரம் பொறுத்துக்கொள் என்று நெட்டை கையைப் பிடித்தாள். ரிசல்ட் வந்துவிடும், இனி அவரை வாக்கி-டாக்கியைத் தொட விடமாட்டேன், நானே பேசுகிறேன், வெளியே மூச்சு விடாதே என்றாள்.

மேலக்காவுக்கு அந்தக் கை மேல் பாசம் இருந்தது. ஆனால் குனிந்து நின்ற அந்த இருவரும் இப்போது எதிரே வாளியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். தங்கள் தலைக்கு மேல் என்ன தொங்கியது என்றே அவர்களுக்குத் தெரியாது. ஒருவன் மற்றவன் மேல் தண்ணீர் தெளித்து விளையாடினான்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றாள். "நான் மேல கண்ணை மூடிக்கிட்டு ஓட்டியிருக்கேன். நீயும் சேர்ந்து ஓட்ட வச்சிருக்க."

கையை விடுவித்துக்கொண்டு நேரே இன்ஜினியரம்மாவின் அறைக்குப் போனாள். எதையும் பூசி மெழுகாமல் சொன்னாள். ரேடியோவுக்கு வைத்தியம் ஏற்பாடு செய்ய வேண்டும், ஆட்களை உள்ளே விடும் வாசலிலோ சாமான் கொட்டகையிலோ அவருக்கு ஒரு வேலை வேண்டும், இல்லையென்றால் நான் நாளைக்கு ஏணி ஏற மாட்டேன் என்றும் சொன்னாள். இன்ஜினியரம்மா வருகைப் பதிவேட்டை எடுத்துப் பிரித்தார். பிறகு, அவருக்குக் கொட்டகையில் வேலை, நெட்டைக்குச் சம்பளமில்லாத விடுப்பு என்று தீர்ப்புச் சொன்னார். மறைத்தவளுக்குத் தண்டனை இல்லாவிட்டால் நாளைக்கு எல்லோரும் மறைப்பார்கள் என்றார்.

நெட்டை தன் கையுறைகளைக் கழற்றி வைத்துவிட்டு வாசலைத் தாண்டிப் போனபோது திரும்பிப் பார்க்கவில்லை. ரேடியோவும் பல நாள் மேலக்காவோடு பேசவில்லை. காட்டிக்கொடுத்தவள் என்று கொக்கிக் கூட்டத்தில் சாடைமாடையாகப் பேசிக்கொண்டார்கள். அவள் தனியாகச் சாப்பிட்டாள். வேறு இடத்திலிருந்து புதுச் சிக்னல்காரன் ஒருவன் வந்தான். நன்றாகத்தான் பார்த்தான், ஆனால் சுமையைவிடத் தன் போனை அதிகம் பார்த்தான்.

விடுப்பு முடிந்து, சான்றிதழோடு நெட்டை திரும்பி வந்தாள். இன்ஜினியரம்மா புதியவனை வேறு கட்டடத்துக்கு அனுப்பிவிட்டு வாக்கி-டாக்கியை அவளிடம் கொடுத்தார். அந்த வேலையிடத்தில் சிக்னல் கொடுத்த முதல் பெண் அவள்தான். முதல் சுமை மறைவுப் பக்கத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. சுமை கண்ணிலிருந்து மறைந்ததும் மேலக்காவின் கை நின்றது.

"ஆப்பரேட்டர், ரெண்டு ஆள் உயரம் இருக்கு" என்றது குரல். அக்கா இல்லை, ஆப்பரேட்டர்.

"கீழ ஆள் இருக்கா?"

"இல்ல."

அவள் இறக்கவில்லை. "திரும்பப் பார்த்துச் சொல்லு."

கோபம் வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. பிறகு, நடந்துபோய் நான்கு பக்கமும் பார்த்துவிட்டு வந்த மூச்சோடு நெட்டை சொன்னாள்.

"பார்த்துட்டேன். யாரும் இல்ல. எத்தனை தடவை வேணாலும் கேளு, சொல்றேன்."

மேலக்கா லீவரை மெல்ல நகர்த்தினாள்.