பச்சை கெடாமல்

"லைனை நிறுத்திட்டு டேங்குக்கு ஸ்டீம் விடுங்க சார்," என்றேன் மேனேஜரிடம்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே மாமா சொல்லி வைத்திருந்தார், லீவு கேள், நாற்காலி கேள், லைனை நிறுத்தச் சொல்லி மட்டும் வாயைத் திறக்காதே என்று. இப்போது டேங்குக்குள் இறங்கப் போவதும் அந்த மாமாதான்.

காய்ந்த கீரை இலையை அரைத்து டேங்கில் கொட்டி, பெட்ரோல் வாடை வீசும் சால்வென்டை ஊற்றிப் பச்சையைப் பிரித்தெடுப்போம். சோப்புக் கம்பெனிகளுக்குப் போகிற நிறம். இன்று இலைத்தூள் இறுகி அடியில் அடைத்துக்கொண்டது. ஸ்டீம் விட்டு உள்ளே இருக்கும் ஆவியை விரட்டிய பிறகுதான் ஆள் இறங்கலாம். ஆனால் அந்தச் சூட்டில் பச்சை பழுப்பாகிவிடும், டேங்க் மொத்தமும் குப்பைக்குப் போகும். அதனால் ஸ்டீம் வேண்டாம், ஆளை இறக்கு என்கிறார் மேனேஜர்.

"உங்க மாமா இறங்காத டேங்கா? மூக்கு மரத்துப்போன மனுஷன்," என்று சிரித்தார்.

"மூக்கு மரத்தா நுரையீரலும் மரத்துடுமா சார்? கேஸ் மீட்டர் முள் சிவப்புலயே நிக்குது. ரெண்டு மூச்சுல ஆள் சுருண்டுடுவார்."

"வீட்லயே முதல் டிகிரியாமே. அதான் ஆட்டம் ஜாஸ்தி."

சத்தம் கேட்டு மாமா ஸ்பேனரும் கையுமாக மேனேஜரின் மாடி அறைக்கு வந்தார்.

"ஏண்டி, சும்மா இருக்க மாட்ட? போன வேகத்துல வந்துடுவேன்." மேனேஜர் பக்கம் திரும்பிக் குனிந்தார். "சின்னப் பொண்ணு சார். மனசுல வெச்சுக்காதீங்க."

எனக்காக அவர் குனிந்ததில் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்க வரலைன்னா அத்தைகிட்ட யாரு போய்ச் சொல்றது? சார் சொல்வாரா, நானா?"



"ஸ்டீம் போட்டா நாளைக்கு நீ வரவேண்டாம்," என்றார் மேனேஜர். "அவரும் வரவேண்டாம்."

"பாத்தியா," என்றார் மாமா.

பார்த்தேன். ஸ்டீம் வால்வைத் திறக்க ஷிஃப்ட் கெமிஸ்ட் சொன்னால் போதும். இந்த ஷிஃப்டுக்கு அது நான். பழி போட ஆள் தேடும்போது மட்டும் இவர்களுக்கு ஞாபகம் வருகிற பதவி.

"டேங்க் மூடியில எத்தனை போல்ட் கழட்டினீங்க மாமா?"

"ரெண்டு. ஏன்?"

"ஸ்டீம் விடறதுக்கு முன்னாடி திரும்ப மாட்டணும்."

ஸ்பேனரைக் கேட்டேன். கொடுக்கவில்லை. பிடுங்கிக்கொண்டு டேங்கை நோக்கி வெளியே நடந்தேன்.