நான்கு மாடி ஏறிய வரி

பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் அச்சடித்த ஒரு வரி, நான்கு மாடி ஏறிப்போய்ப் பதிவாளரின் மேஜையிலிருந்த உத்தரவில் பதிந்தது. அன்று செவ்வாய்க்கிழமை, இடிகூட இடிக்கவில்லை.

அடித்தளத்து அச்சுக்கூடத்தைக் காலிசெய்து காப்பிக்கடை வைப்பதென்பது உத்தரவு. அச்சுக்கூடத்தை நடத்தியவளை எல்லோரும் அச்சக்கா என்பார்கள். அவளுக்கு வீடு தூங்க மட்டும்தான். வாழ்ந்ததெல்லாம் அந்தக் கை மெஷினோடு. உத்தரவை டைப் அடித்ததோ, பதிவாளர் அலுவலகத்தில் வேலை பார்த்த அவளுடைய சொந்தத் தங்கை. கையெழுத்தாகும் முன்பே கீழே ஓடிவந்து, "அக்கா, என்னைத் திட்டாத. நாளைக்கு உன் மெஷின் பழைய இரும்புக்குப் போகுது" என்றாள்.

எழுத்து தாளைத் தொட்டால் போதும், குத்தக் கூடாது; அதனால் தாளுக்கு அடியில் மெத்தையாக மூன்று தாளுக்கு மேல் வைக்காதே. மாணவர்களுக்கு அச்சக்கா முதலில் சொல்லித்தரும் பாடம் இது. அன்று கோபத்தில் அவளே கைக்கு அகப்பட்ட தாளையெல்லாம் அடியில் திணித்தாள். ஈய எழுத்துகளைக் கோத்தாள், மை தடவ மறந்தாள், பிடியை இரண்டு கையாலும் இழுத்தாள். 'நகர மாட்டோம்' என்று தாளில் மையில்லாமல் பள்ளமாக விழுந்தது. கட்டடம் ஏப்பம் விட்டதாகத் தங்கை இன்றும் சொல்கிறாள்.

மேலே பதிவாளரின் பேனா அந்தப் பள்ளத்தில் இடறியது. வேறு தாள் எடுத்தார், அதிலும் பள்ளம். வெளியூரிலிருந்து கட்டுக்கட்டாக வரவழைத்தார், இஸ்திரி போட்டார், ஊஹூம். அந்த உத்தரவில் கையெழுத்து விழாமலே வருடங்கள் ஓடின. வினாத்தாள், விடுப்புக் கடிதம், பட்டச் சான்றிதழ் எல்லாவற்றிலும் மையில்லாமல் அதே வரி. வேலை கொடுப்பவர்கள் சான்றிதழை விரலால் தடவிப் பார்த்த பிறகே நம்பினார்கள். இடமாற்ற உத்தரவு வாங்கிய எவரும் இடம் மாறவில்லை. "தாளிலேயே போட்டிருக்கே சார்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்கள்.

ஒருநாள் பதிவாளருக்கே தூரத்துக் கிளைக்கு மாற்றல் வந்தது. அதையும் டைப் அடித்தவள் தங்கைதான். அவர் அவசரமாகத் தடவிப் பார்த்தார். இத்தனை பேர் விரல் பட்டதாலோ என்னவோ, வரி தேய்ந்து போயிருந்தது. மனிதர் முதன்முறையாக அடித்தளத்துக்கு இறங்கினார்.

அச்சக்கா எழுந்திருக்கவில்லை. "என்ன சார், காப்பி குடிக்க வந்தீங்களா?"

பதிவாளர் மெஷினையே பார்த்தார். "அடியில ரெண்டு தாள் கூடவே வைங்கம்மா. நல்லா அழுந்தட்டும்."

"நான் வைக்கிறேன். இழுக்கறது நீங்கதான்."

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தார். இப்போதும் அதே நான்காம் மாடியில்தான் இருக்கிறார். காப்பிக்கு வெளியேதான் போகிறார்.