மூச்சு முட்டிய பெட்டி

பல் டாக்டரின் வீட்டில் அந்தக் கம்ப்யூட்டருக்குத் தனி அறை உண்டு. டாக்டருக்கே இல்லை. இடுப்பு உயரக் கறுப்புப் பெட்டி. வானவில்லைச் சுருட்டித் திணித்தது போல உள்ளே விளக்குகள். பகலெல்லாம் அடுத்தவர் வாய்க்குள் குனிந்து கிடந்துவிட்டு, சாயங்காலம் அதன் முன்னால்தான் டாக்டர் நிமிர்ந்து உட்காருவார். விளையாட்டில் அவர் ஒரு கோட்டைக்குத் தளபதி. க்ளினிக்கில் நர்ஸ்கூட அவர் பேச்சைக் கேட்பதில்லை. அங்கே யானைப்படையே கேட்டது.

அந்தப் பெட்டிதான் திடீரென்று சாக ஆரம்பித்தது. சும்மா இருக்கும்போது சமர்த்தாக இருக்கும். படை திரண்டு, எதிரிக் கோட்டைக் கதவில் முதல் இடி விழும் நேரம் பார்த்து ஒரு பெருமூச்சு விடும். திரை இருண்டுவிடும். யானைகளெல்லாம் எங்கே போயினவோ, யாருக்கும் தெரியாது.

"ஓடாத பெட்டிக்கு ஒரு ரூமு. ஓடுற மெஷினுக்குச் சாப்பாட்டு மேஜை ஓரமா?" என்றாள் மனைவி.

ஓடுகிற மெஷின் அவளுடைய அப்பாவின் தையல் மெஷின். மாமனார் கடையை மூடிவிட்டு, மெஷினோடு மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தார். அதிலிருந்து சோற்றில் நூல் வந்தது. டாக்டர் அதையும் வீணாக்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அதே நூலால் பல்லிடுக்கைச் சுத்தம் செய்துகொண்டார்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் டைம் தர்றேன்" என்றாள் மனைவி. "அதுக்குள்ள உங்க பெட்டி நிக்காம ஓடணும். இல்லைன்னா அந்த ரூம் அப்பாவுக்கு."

"ஏம்மா, எனக்கு எதுக்கு ரூமு? ஓரமா உக்காந்துக்கறேன்" என்றார் மாமனார். சொல்லிக்கொண்டே அளவெடுக்கும் நாடாவால் அந்த அறையின் ஜன்னலை அளந்தார்.

அவரைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். கிழிசலுக்கு இழை ஓட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒருமுறை ஒருவருடைய கோட்டில் எலி கடித்த ஓட்டையை அடைத்துக் கொடுத்தார். கோட்டுக்காரர், "என் கோட்டுல ஓட்டை இருந்துச்சு, இது வேற யாரோடதோ" என்று வாங்க மறுத்துவிட்டார். மறுநாள் அந்த எலியே வந்து, தான் விட்ட இடத்தைத் தேடி மோப்பம் பிடித்து, ஏமாந்து திரும்பியதாக மாமனார் சொல்வார். எலியை யாரும் விசாரிக்கவில்லை.

டாக்டர் வைத்தியத்தில் இறங்கினார். பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து, நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு, வாய்க்குள் விடும் குட்டிக் கண்ணாடியால் மூலை முடுக்கெல்லாம் பார்த்தார். ரேம் பட்டைகளைப் பிடுங்கி, பென்சில் ரப்பரால் ஈறு தெரியத் தேய்த்து மறுபடி நட்டார். பிராசஸர் மேல் சூடு தணிக்கும் புதுப் பசை தடவினார். பல் அடைக்கிற கை என்பதால் மிச்சத்தை வழித்தெடுத்து, கடித்துப் பார்க்கச் சொல்வதற்கு வாயைத் திறந்து, நல்ல வேளையாக நிறுத்திக்கொண்டார். பவர் சப்ளையை மாற்றினார். விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினார். ஒவ்வொரு தடவையும் கதவை மூடித் திருகாணியை முடுக்கிவிட்டு மனைவியைக் கூப்பிடுவார். அவள் வந்து நிற்பாள். முதல் இடி விழும். பெருமூச்சு, இருட்டு.

"என்ன மாப்ளே, யானை இன்னைக்கும் படுத்துடுச்சா?" என்று கூடத்திலிருந்து குரல் வரும்.

டாக்டருக்குச் சந்தேகம் தட்டியது. ஜன்னலை அளந்த மனிதர் ப்ளக்கையும் பிடுங்குவாரோ? ஒரு சாயங்காலம் முழுக்க ப்ளக்கின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு போர் செய்தார். பெட்டி அப்போதும் செத்தது. கால்தான் மரத்துப்போனது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேறு வழியில்லாமல் கம்ப்யூட்டர் கடைக்கார அம்மாவை அழைத்தார். அவருடைய கடைவாய்ப் பல் டாக்டரின் பொறுப்பில் இருந்ததால் உடனே வந்தார்.

"திறந்து வெச்சுட்டு விளையாடிப் பாத்தீங்களா டாக்டர்?"

"வாயைத் திறந்து வெச்சுட்டு யாரையாவது வீட்டுக்கு அனுப்புவேனாம்மா?"

அந்த அம்மா பெட்டிக் கதவைத் திறந்து வைத்துப் போரைத் தொடங்கினார். இடி விழுந்தது, கோட்டைக் கதவு பிளந்தது, யானைகள் உள்ளே புகுந்தன. பெட்டி அசையவில்லை. பெட்டிக் கதவை மூடினார், பெருமூச்சு விட்டு அணைந்தது. சூடு ஆறியதும் மறுபடி போட்டு, ஒரு மெல்லிய காகிதத்தை முன்பக்கம் காட்டினார். காற்று உள்ளே இழுக்க வேண்டிய காகிதம் நழுவித் தரையில் விழுந்தது.

"மூச்சு முட்டுது டாக்டர். முன்னாடி காத்துப் போக வழியே இல்லை. பின்னாடியும் இல்லை. இத்தனை நாள் பாக்கலையா?"

டாக்டர் இத்தனை நாளும் உள்ளேதான் பார்த்தார். பல்லைப் பார்ப்பவர் கன்னத்தைப் பார்ப்பதில்லை.

கடைக்கார அம்மா நகத்தால் சுரண்டினார், விளக்கடித்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். கறுகறுவென்று ஒரே தகடு. "கம்பெனியிலயே அடைச்சு அனுப்பிட்டாங்க. தயாரிப்புக் கோளாறு. திருப்பி அனுப்பினா வர மாசக்கணக்காகும்."

"அப்பா, மெஷினைத் தூக்கிட்டு வாங்க" என்றாள் மனைவி.

மாமனார் அதற்குள் மெஷினை அறை வாசற்படிக்கே தள்ளிக்கொண்டு வந்து நின்றிருந்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், ஜன்னலோடு அறை அவருக்கு. மூடிக்கொண்டுதான் இருந்தார்.

"ஃபேக்டரி வேலைதான். ஏதோ மெஷின்ல அடிச்சுத் தள்ளியிருக்கான்" என்றார் கடைக்கார அம்மா.

"எந்த ஃபேக்டரிம்மா?" வீடு அதிர்ந்தது. "எந்த மெஷினும்மா இப்படி இழை ஓட்டும்? நல்லாப் பாருங்க! அது என் கை!"

எல்லோரும் திரும்பினார்கள். மாமனாருக்கு நாக்கைக் கடித்துக்கொள்ள நேரமில்லை.

"மாமா... நீங்களா?"

"பின்னே என்ன மாப்ளே? இவ்வளவு பெரிய சாமான் வாங்கியிருக்கீங்க, முன்னாடியும் பின்னாடியும் பூச்சி அரிச்ச மாதிரிப் பொத்தல். தூசி போகாதா? மனசு கேக்கல. ஒரு மத்தியானம் உக்காந்து ஒவ்வொண்ணா அடைச்சேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"என் தையலை நானே காட்டுனா தொழிலுக்குக் கேவலம் இல்லையா? நீங்களா கண்டுபிடிப்பீங்கன்னு இருந்தேன்."

"சரிப்பா, பிரிங்க" என்றாள் மகள்.

அங்கேதான் சிக்கல். மாமனார் மூக்கு உரசும்படி குனிந்தார். விரலால் தடவினார். தன் தையல் எங்கே தொடங்குகிறது என்று அவருக்கே தெரியவில்லை. பெருமையும் பீதியும் ஒன்றாக அவர் முகத்தில் ஏறின.

டாக்டர் க்ளினிக் பையைத் திறந்து, சொத்தை தேடும் வளைந்த கம்பியை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு கையால் மட்டும் துழாவினார். ஓர் இடத்தில் கம்பி லேசாகச் சிக்கியது. இழுத்தார், கறுப்பு நூல் வந்தது. ஒவ்வொரு ஓட்டை திறக்கும்போதும் மருந்து போடாமல் பல் பிடுங்குவது போல மாமனார் முனகினார்.

"வலிக்குதா மாமா?"

"நீங்க பாட்டுக்குப் பண்ணுங்க."

சாயங்காலம் கதவை மூடித் திருகாணியை முடுக்கினார்கள். இடி விழுந்தது. எதிரிக் கோட்டை சரிந்தது. பெட்டி ஊதிய காற்றில் மனைவியின் முந்தானை பறந்தது. அறை தளபதிக்கே என்று தீர்ப்பானது.

மாமனார் மெஷினை மறுபடி சாப்பாட்டு மேஜைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். வழியில், அதற்குள் சமையலுக்குத் திரும்பிவிட்ட மனைவி சல்லடையில் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். மாமனார் நின்றார். சல்லடையை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"மாமா!" டாக்டர் பாய்ந்து வந்தார். "மெஷினை இங்கயே கொண்டாங்க. என் கண்ணு முன்னாலயே இருங்க."

அறைக்கு நடுவே ஒரு திரை போடுவது, ஜன்னலும் வாசலும் உள்ள பக்கம் மாமனாருக்கு, மூலை தளபதிக்கு என்று முடிவானது. திரையை மாமனாரே தைத்து மாட்டினார். அது சுவரோடு எங்கே சேர்கிறது என்று இதுவரை யாருக்கும் தெரியாது. விருந்தாளி ஒருவர் சுவரென்று நினைத்து அதில் ஆணியடிக்கப் பார்த்தார். தினமும் போர் முடிந்ததும் டாக்டர் எழுந்து, சொத்தை தேடும் கம்பியோடு திரையைத் தடவிக்கொண்டே கேட்கிறார்:

"மாமா, வெளிய வர்ற வழி எங்க?"

மெஷின் ஓடுவது ஒரு நொடி நிற்கும்.

"நீங்களா கண்டுபிடிங்க மாப்ளே."